தரை காயாத மூலையில் ஒரு மன்மதன்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவின் முழங்கால் தவிர மற்ற எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். வசவுகளை மட்டும் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், அவற்றை நீயே நிரப்பிக்கொள்.

இப்போது நாங்கள் பெயிண்ட் அடிக்கும் கட்டடத்துக்கு ஒரு மேனேஜர், நாங்கள் வைத்த பெயர் சென்ட் பாட்டில். அப்பாவும் சித்தப்பாவும் வெளிச்சுவரில் சாரத்தின்மேல் நின்றிருந்த நேரம் பார்த்து என்னிடம் வந்து, "இது பிரஷ் பிடிக்கிற கையா? நாளைக்கு மதியம் மாடியில காலி வீட்டுக்குத் தனியா வாங்க" என்று வழிந்தான். வெளியே சொன்னால் நீதான் கூப்பிட்டாய் என்பேன், குடும்பத்துக்கே வேலை போய்விடும் என்றும் மிரட்டினான். சித்தியிடம் சொன்னால், "அட, என் கையைப் பாத்தும் இதேதான் சொன்னான்க்கா" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மறுநாள் மதியம் அந்தக் காலி வீட்டுக்கு வந்தான். உள்மூலையில் நாற்காலி போட்டு, நான் அலங்காரம் முடிக்கும்வரை கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தான். தரைக்கு எப்போதும் உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கித்தானே பூசிக்கொண்டு வருவோம்? பதுங்கியிருந்த சித்தியும் நானும் அவன் காலடியிலிருந்தே ரோலரை உருட்ட ஆரம்பித்தோம். அந்தச் சத்தத்தைத் துணி மாற்றும் சரசரப்பு என்று நினைத்து, "அவசரமே இல்ல, மெதுவா" என்று குழைகிறான்! பெயிண்ட் வாடையை அவன் சென்ட்டே அமுக்கிவிட்டது.

வாசலுக்கு வந்ததும் கண்கட்டை அவிழ்க்கச் சொன்னோம். சுற்றிலும் சிவப்பாக ஈரத்தரை. நடந்தால் தடம் விழும், நடக்காவிட்டால் அங்கேயே குடித்தனம். சித்தி ஓடிப்போய் கட்டடத்து முதலாளியம்மாவையும் நம் ஆண்களையும் கூட்டிவந்தாள். அவன் என்னைக் காட்டி, "இந்தம்மாதான் கூப்பிட்டாங்க" என்றான். "என்னையும் நீங்க கூப்பிட்டீங்களே, அதுவும் அக்கா சொல்லித்தானா?" என்று சித்தி கேட்டாள். முதலாளியம்மா மெல்லத் தலையாட்டி, "மூணாம் மாடி விரிசலைத் தனியா வந்து பாருங்கன்னு என்னை ஏன்டா நச்சரிச்சேன்னு இப்பல்ல புரியுது" என்றார்.

எங்கள் வேலை நிலைத்தது. அவன் சிவந்த பாதங்களோடு தெருமுனைவரை தடம் பதித்துக்கொண்டு போனான். அவனால் கெட்ட தரையை மறுபடி பூசியதுதான் நஷ்டம். என்னிடம் முதலில் சொல்லவில்லையே என்று அப்பாவுக்கு இரண்டு நாள் கோபம். சொல்லியிருந்தால் சாரத்திலிருந்தே அவன்மேல் குதித்திருப்பீர்கள் என்றேன்.

உன் ஆபீசிலும் எவனாவது வாலாட்டினால் தனியாக அழுதுகொண்டிருக்காதே, பக்கத்து நாற்காலிக்காரியிடம் வாயைத் திறந்து சொல்.

ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ்க. போர்வையை வெயிலில் போட மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா