புன்னைத் திடலை விட்டு வைத்த ஓலை

மழை பிழையாத வெண்குன்ற நாடுடைய அரசி மாதேவடிகள் திருவாய்மொழியை ஓலைநாயகம் இளநாகன் எழுதியது. ஆற்றூர்க் கூற்றத்து அதிகாரி பரம்பன் கிழார் காண்க. உம் ஊரும் ஏரியும் கன்றுகாலியும் நலம் பெறுக.

வெள்ளத்தில் மனையிழந்த சாயக்காரர் நூற்றிருபது குடிக்கு நாம் கட்டுவித்த புதுத்தெருக்களின் நடுவே, புன்னை மரங்களும் சிறு குளமுமாய்க் கிடக்கும் திடலில் இன்னும் முப்பது வீடு எழுப்புக என்று முன்பு ஆணையிட்டிருந்தோம். அதை அளக்க உம்மால் அனுப்பப்பட்டவர் நக்கன் சேந்தனார்.

அவர் முதல் அளவு முளையை அடித்ததுமே தெருவார் திரண்டனர். கல் வந்து விழும் என்றே சேந்தனார் எண்ணினார், விழவில்லை. வேம்பி என்னும் சாயக்காரி முன்வந்து, "வீடு சின்னதுதாங்க ஐயா, அதுல நாங்க குறை சொல்லல. நாளெல்லாம் சாயப்பானை ஆவியில வேகுறோம். மூச்சு விட வர்றது இங்கதான். எங்க கொல்லையில வீட்டுக்குப் பத்து முழம் எடுத்துக்குங்க, இதை விட்டுடுங்க" என்றாள். மற்றவரும் அதையே சொன்னார்கள்.

சேந்தனார் முளையைத் தம் கையாலேயே பிடுங்கினார். இரண்டு நாள் கொல்லைகளை அளந்தார். முப்பத்திரண்டு மனைக்கும் நடுவே ஒரு சந்துக்கும் இடம் தேறிற்று. ஆயினும் ஆணையை மீறினோமே என்று அஞ்சினார். சோறு இறங்காமலே மூன்று நாள் நடந்து நம் அவைக்கு வந்து, பிழை தம்முடையது என்றும், தண்டம் தமக்கே ஆகுக, தெருவாரை ஒன்றும் செய்யலாகாது என்றும் தலைகுனிந்து விண்ணப்பித்தார்.

நாம் புதுத்தெருக்களின் படத்தை விரித்துப் பார்த்தோம். அதில் திடல் வெற்றிடமாகவே இருந்தது. அதை மக்கள் நாடோறும் நாடி வருவது நமக்குத் தெரியாது போயிற்று. பழைய ஆணை நீங்கியது என்றோம். அவருக்கு அது விளங்கவில்லை. அமைச்சர் மறுபடி சொன்னதும் அவையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டு ஒரு செம்பு முழுதும் குடித்தார். பிறகுதான் முகம் தெளிந்தது.

வேண்டுவது கேளும் என்றோம். அப்புது மனைகளில் ஒன்றைக் கேட்டார். திடலை நோக்கிய வீடு தருவோமா என நாம் வினவ, அது அங்கிருப்போர்க்கே ஆகுக, சந்துக்குள் ஒன்று போதும், தம் மனையாளும் மக்களும் நாலெட்டு நடந்து வந்து அம்மர நிழலில் இருப்பர் என்றார்.

ஆகவே திடலில் இனி எவரும் முளை அடிக்கலாகாது. கொல்லைப்புறத்தில் வீடுகள் எழுக. அவற்றில் முதலாவதைச் சேந்தனார்க்கு அளிக்க. இது நம் நாரை இலச்சினை பதிந்த சொல்; நமக்குப் பின் ஆள்வாரும் காக்க.