முதலில் வாய் வைத்த மீன்

பெப்ரவரி 8, ஞாயிறு

தனபாலனோடு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போடப் போனேன். அவன் மாநகரசபையில் கிளார்க், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பான். நான் பஸ் சீட்டுக்கு ரெக்சின் தைக்கிறவன். இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடிவதில்லை. அவனுக்கு மனைவி வேலை சொல்லுவாள் என்று பயம். எனக்கு வேலை சொல்ல ஆளில்லை என்பதால்.

பின்னேரம் வரை ஒரு கடியும் இல்லை. தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது. பிறகு, காற்றுக்கூட அசையாத நேரத்தில், என் தூண்டில் வளைந்தது. தனபாலனுடையதும். அக்கரையில் எறும்பு போலத் தெரிந்த ஆட்களும் ஒரே நேரத்தில் எழும்பி நின்று இழுக்கிறார்கள். குளம் முழுக்கக் குமிழ். கொஞ்ச நேரம்தான். பிறகு சுவிட்சை அணைத்தது போல எல்லாம் நின்றுவிட்டது.

"காத்தழுத்தம், நானா," என்றான் தனபாலன். "நெலாவும் சேர்ந்து வேல செய்யும்."

"போன கிழமை சூரியன்டு சொன்னாய்."

"அது போன கெழம."

பழைய தெல்தெனிய நகரம், அணை கட்டியபோது மூழ்கி, அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. என் மனைவி ஜெஸீமாவின் வாப்பாவுக்கு அங்கே வீடும் கடையும் இருந்தன. அவர்கள் சமைத்த குசினிக்கு மேலேதான் மீன் பிடிக்கிறோம் போல. சிரிக்கத்தான் நினைத்தேன், வரவில்லை.

திலாப்பியா நாலு. மகள் நுஹா பொரித்தாள். பெரிய வட்டத் தட்டான சஹனில் சோறு போட்டு, சுற்றி இருந்தோம். மிச்சம் தின்ற பூனைக்குத்தான் நல்ல நாள்.

பெப்ரவரி 10

மூவரும் ஒரே சஹனில் தின்பது ஜெஸீமா கொண்டு வந்த பழக்கம். "கழுவ ஒரு பாத்திரம்தானே," என்பாள். முதல் பிடி அவளுடையது. அவள் வாயில் வைக்காமல் நானும் மகளும் கை வைத்ததே இல்லை. அவள் மௌத்தாகி மூன்று மாதம். இன்னும் சஹனில் அவள் பக்கத்துச் சோற்றைத் தொடாமல் விட்டுவிட்டுத்தான் இருக்கிறோம்.

பெப்ரவரி 12, வியாழன்

காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மிஞ்சிய ரெக்சினில் பெல்ட் தைத்துக்கொண்டேன். பஸ்காரன் ஒருவன், "ஜிம்முக்குப் போறீங்களா முதலாளி?" என்றான். ஓம், குண்டசாலையிலேயே பெரிய ஜிம் என்றேன்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். நுஹா மயங்கி விழுந்துவிட்டாள்.

டொக்டர் என்னை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்தார். இரத்தம் குறைவு. இன்னும் நிறை குறைந்தால் வார்டில் சேர்த்து ட்யூப் வழியாகத்தான் சாப்பாடு. இந்த வருஷம் நோன்பு பிடிக்க வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் சொன்னாள்: "உம்மா ஈந்தா பிடிச்சிருப்பா. நானும் பிடிப்பன்."

உம்மா இருந்தால்! உம்மா இருந்தால் நீ தின்றிருப்பாய் மகள்! சொல்லவில்லை. வாயில் வந்தது, விழுங்கினேன். அன்றைக்கு நான் விழுங்கியது அது ஒன்றுதான்.

பெப்ரவரி 19

முதல் நோன்பு. பிடித்தேவிட்டாள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும். பிறகு சஹன்.

"தின்னு மகள்."

"பசியில்ல வாப்பா. நீங்க தின்னுங்க."

பக்கத்து வீடுகளில் கரண்டிச் சத்தம், பிள்ளைகளின் சத்தம். ஊரே ஒரே நேரத்தில் தின்கிறது. எங்கள் வீட்டில் மணிக்கூட்டின் டிக் டிக் மட்டும்.

நான் என் பக்கத்துச் சோற்றை விரலால் அமுக்கித் தட்டையாக்கினேன். பார்க்கிறவருக்குக் குறைந்த மாதிரித் தெரியும். அவள் முன்னால் தின்னாத தகப்பனாக இருக்கக் கூடாதே.

பெப்ரவரி 22, ஞாயிறு

தனபாலன் வரவில்லை. நோன்போடு தனியே போனேன். தூண்டிலை எடுக்கவேயில்லை. கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி. குனிந்து பார்த்தேன்.

கல்லுக்கு மேலே மீன்கள். நூறு இருக்கும். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. செத்தவையோ என்று நினைத்தேன். கண் மட்டும் உயிரோடு. எதற்கோ பயந்து மூச்சைப் பிடித்த மாதிரி. நானும் பிடித்திருந்தேன்.

பிறகு ஒன்று, பெரியதுமில்லை, வாலும் கிழிந்தது, மெதுவாக முன்னே போய்ப் பாசியில் வாய் வைத்தது. பக்கத்தில் இருந்தது பார்த்தது. அதுவும் வைத்தது. அதற்குப் பக்கத்தில். அப்படியே அந்த அசைவு ஆழத்துக்குள் போனது. கொஞ்சத்தில் குளம் முழுக்கச் சத்தம். உதடு சப்புகிற சத்தம். ஒரு பெரிய வீட்டில் நிறையப் பேர் இருந்து தின்கிற சத்தம்.

கீழே ஜெஸீமாவின் வாப்பாவுடைய குசினி.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐம்பது வயது ஆம்பிளை!

பெப்ரவரி 23

நோன்பு திறந்து சஹனைச் சுற்றி இருக்கும்போது நுஹாவிடம் மீன் கதையைச் சொன்னேன், ஓடியதை விட்டுவிட்டு. ஏ லெவலுக்கு உயிரியல் படிக்கிறவள்.

"தனபாலன் அங்க்ள் சொல்ற காத்தழுத்தமும் ஈக்கலாம். வெளிச்சம், காத்து, பூச்சி கிளம்புற நேரம் எல்லாம் ஈக்கி. ஆனா மீன் மத்த மீனப் பார்த்துட்டே ஈக்கும் வாப்பா. ஒன்டு பயந்தா எல்லாம் நிக்கும். ஒன்டு தின்டா, ஆபத்து இல்லன்டு மத்ததுக்கு விளங்கும்."

"அப்ப முதல் மீனுக்கு ஆரு சொல்ற?"

அவள் சஹனில் என் பக்கத்தைப் பார்த்தாள்.

"சோத்த அமுக்கி வெச்சா குறைஞ்ச மாதிரித் தெரியும், என்ன வாப்பா? நானும் அதத்தான் செய்றன்."

பெப்ரவரி 24

மூன்று மாதமாக அவளை நான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பெப்ரவரி 27, வெள்ளி

பாங்கு. பழம். தண்ணீர். நடுவில் சஹன்.

அவள் அசையவில்லை. பூனை அசையவில்லை. வெளியே ஊர் தின்கிறது. உள்ளே அந்தக் கரையோரத் தண்ணீர்.

பிஸ்மி சொல்லி என் பக்கத்தில் கை வைத்தேன். முதல் பிடி ரெக்சின் மாதிரி இருந்தது. மென்றேன், விழுங்கினேன். இரண்டாவது பிடி. அவளைப் பார்க்கவில்லை. மூன்றாவதில் உப்பு தெரிந்தது. கண்ணீரா, கறியா தெரியாது.

அப்போது எதிரில் அந்தச் சத்தம் கேட்டது. சின்னதாக. உதட்டுச் சத்தம். தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் நின்றுவிடும் என்று பயம். குனிந்தபடியே தின்றேன். அதுவும் நிற்கவில்லை.

பிறகு நுஹா சஹனைக் கழுவ எடுத்தாள். கறிவேப்பிலை மட்டும் கிடந்தது. பூனை வந்து எட்டிப் பார்த்து என்னை முறைத்துவிட்டுப் போனது.

ஜெஸீமாவின் பக்கத்துச் சோறும் முடிந்திருந்தது. அந்தப் பக்கம் கை நீட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நுஹாவிடம் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.