சேர்ந்து பாவ் தின்றவர்கள்

வாகட், பூனா
19.2.2006

அன்புள்ள இஸ்மாயில் பாய்க்கு,

போசரி பாக்டரியில் உங்கள் பக்கத்து லேத்தில் நின்ற அருணாச்சலம், தன் கையாலேயே எழுதும் கடிதம் இது. நம்ப மாட்டீர்கள். நாலு நாளாக எழுதுகிறேன். 'ழ' வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி ரஃபீக்கைப் போசரி பஜாரில் பார்த்து விலாசம் வாங்கினேன். ஆம்பூரில் உங்களுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார். சந்தோஷம். உங்க பேரை எடுத்தாலே பாய் எழுந்து போயிடறார், எழுதி என்ன ஆகப்போகுது என்றும் சொன்னார். போகட்டும், திரும்பி வரும்போது கடிதம் அங்கேயேதானே கிடக்கும் என்றேன்.

இங்கே மகன் வீட்டில் சுகமாக இருக்கிறேன். மூன்றாம் மாடியில் கிரிஜா டீச்சர் இருக்கிறார், இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிடையர் ஆனவர். ஒரு கல்யாணப் பத்திரிகையை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஸ்லேட்டோடு வாங்க என்றார். அறுபத்தெட்டு வயதில் ஸ்லேட்! லிஃப்டில் பேரனுக்கா என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் என்பேன்.

போன வாரம் பேப்பரில் ஒரு வார்த்தையை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கம்பெனி. முப்பது வருஷம் வாயில் இருந்தது, அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இதற்கு என்ன அர்த்தம் டீச்சர் என்று கேட்டேன். தலையணை மாதிரி ஒரு அகராதியைப் பிரித்தார். லத்தீன் என்று ஒரு பழைய பாஷையாம். அதில் 'கோம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள்தான் கம்பெனி! அப்புறம்தான் சேர்ந்து போகும் சிப்பாய்களுக்கும், சேர்ந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கும் அந்தப் பெயர் வந்ததாம். நம் பாவ் ரொட்டியின் பேரும் போர்த்துகீசியர் கொண்டுவந்தது, அதுவும் அதே 'பானிஸ்' வழி வந்ததுதான் என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்படியென்றால் சைரனும் இரும்பு கேட்டும் கம்பெனி இல்லை பாய். சாயாக்கடை பெஞ்சில் ஒரு பாவை இரண்டாக்கி, அரை கிளாஸ் கட்டிங் சாயாவில் தோய்த்துத் தின்றோமே, அதுதான். உடைக்கிறவன் கடைசியில் எடுக்கணும் என்பது உங்கள் சட்டம். நான் உடைத்தால் நீங்கள் எப்போதும் சின்னத் துண்டைத்தான் எடுப்பீர்கள்.

அதனால்தான் இதையும் எழுத வேண்டும். தொண்ணூற்றைந்தில், ஸ்ட்ரைக் முடிந்த வாரம், சூப்பர்வைசர் ஒரு மராத்தித் தாளை நீட்டினார். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்றார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சுற்றி நின்றார்கள். என் வீட்டுக் கடிதத்தையே நீங்கள் படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படிக்கத் தெரியாது என்று அவர்கள் முன்னால் சொல்ல வெட்கம். வரிவரியாக விரலை ஓட்டினேன், தலையை ஆட்டினேன், நீங்கள் சொல்லிக்கொடுத்த கையெழுத்தைப் போட்டேன். நீங்கள் கேட்டை மறித்து ஆட்களை அடித்ததாக நானே சாட்சி சொன்னதாய் அதில் இருந்தது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. உங்களை வேலையை விட்டு அனுப்பிய அன்று, என்னன்னு கேட்காமலா போட்டே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ஆமாம் பாய், கேட்காமல்தான் போட்டேன். பதினோரு வருஷமாக அந்த ஒரு வரிதான் எனக்கு வாயில் வரவில்லை. கையில் வந்துவிட்டது.

கண் ஆறியதும் ஒரு நடை வாருங்கள். அந்தச் சாயாக்கடை இன்னும் இருக்கிறது. பாவை நான் உடைக்கிறேன். வர மனசில்லை என்றால் நாலு வரி போடுங்கள், தமிழில், பெரிய எழுத்தில். திட்டி எழுதினாலும் சரி. யாரிடமும் கொடுக்காமல் நானே படிப்பேன்.

உங்கள் கண்ணும் உடம்பும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்,

அருணாச்சலம்