கிளாங், கெலாங்

வியாழன், மார்ச் 1991

எங்கள் கிள்ளான் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவைப்பட்டது. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலில் தேடும் புரோகிராம் நான் எழுதியது. வகை ஓ நெகட்டிவ், ஊர் 'கிளாங்' (கிள்ளானை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுவோம்) என்று நிபந்தனை கொடுத்தேன். யாருமில்லை என்று திரையில் வந்தது.

"என்னா கலா, கிள்ளான்ல ஒருத்தர்கூடவா இல்ல? நல்லா பாரு லா," என்றார் நர்ஸ் மேரி அக்கா.

ஊர் நிபந்தனையை எடுத்துவிட்டுத் தேடினேன். நான்கு பேர் வந்தார்கள். மூவர் கிள்ளான்காரர்கள்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடி, 'கெலாங்' என்று பதிவாகியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அரை மணியில் வந்து ரத்தம் கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள்.

நிபந்தனையில் இரண்டு பெயரையும் சேர்த்துவிட்டேன். ஆனால் இரண்டு வருஷமாக இதே புரோகிராம் எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கும்? அவர்களுக்கெல்லாம் என்ன ஆனது என்று மேரி அக்காவுக்குத் தெரியும். கேட்கத்தான் போனேன். வார்டு வாசலிலேயே திரும்பிவிட்டேன்.