உலர்ந்த துணிகள்

பயணநாள் 812 | 07:10
பதிவு செய்பவர்: மருத்துவர் தமயந்தி. விண்கலத்தில் இருப்பது இருவர். மற்றவர் கேப்டன் ரொசாரியோ மோத்தா, வயது 63, தூத்துக்குடிக்காரர். பயணம் தொடங்கியபின் பார்க்கின்சன் நோய் வந்து இரண்டாண்டுகள்.
வாராந்தர விழுங்கல் சோதனை. தொண்ணூறு மில்லி தண்ணீர்: பதினோரு மடக்கு, முப்பத்தோரு வினாடி. மெதுவுதான், ஆனால் புரையேறவில்லை. குடித்தபின் குரல் தெளிவு. எச்சில் வழிந்து நனைந்த கழுத்துத் துணிகள், நேற்று மட்டும் நான்கு. வெட்கப்பட்டு இருக்கைக்கு அடியில் திணித்து வைக்கிறார். அவற்றை எண்ணுவதுதான் என் பிழைப்பு என்று இந்த மனிதருக்கு எத்தனை முறை சொல்வது? எச்சிலைக் குறைக்கும் மருந்துப் பிளாஸ்திரியை இன்று அவர் காதுக்குப் பின்னால் ஒட்டினேன்.

பயணநாள் 814 | 16:40
கலத்தைச் சுழற்றும் மோட்டார் நின்றுவிட்டது. அந்தச் சுழற்சிதான் எங்களுக்கு எடை கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது மிதக்கிறோம். தண்ணீர்ச் சோதனையை நிறுத்திவைத்தேன். ஒரு துளி தப்பி மின்பலகைக்குள் போனால் இருவருமே காலி. இப்போதைக்குத் துணிக் கணக்கு போதும்.

பயணநாள் 817 | 08:00
நனைந்த துணிகள்: பூஜ்யம். இருக்கைக்கு அடியிலும் தேடிவிட்டேன். மருந்து வேலை செய்கிறது! சந்தோஷம் தாங்கவில்லை. தரைநிலையத்துக்கு அறிக்கை அனுப்பினேன். பகல் முழுக்க மோட்டார் அறையில் கிடக்கிறேன்; கேப்டனோடு பேச்சு இன்டர்காமில்தான்.
அவர் சொன்னது: “சட்ட காலர் நனையாம இருந்து எத்தன வருசமாச்சு தெரியுமா டாக்டரம்மா? இனிமே மவகிட்ட வீடியோவுல மூஞ்சி காட்டலாம்.”

பயணநாள் 820 | 11:25
தரைநிலையத்தின் பதில்: “மகிழ்ச்சி. இதே மருந்தளவைத் தொடரவும்.”
கேப்டனுக்குக் காய்ச்சல், 38.9 டிகிரி செல்சியஸ். இருமல் இல்லை. பக்கத்தில் போய்ப் பேசச் சொன்னேன். குரல் களகளவென்று ஈரமாக வந்தது. ஸ்டெதஸ்கோப்பில் வலது நுரையீரலின் அடிப்பகுதி கரகரக்கிறது.

13:50
முதலாமாண்டுப் பாடம். இந்த நோயில் எச்சில் அதிகமாகச் சுரப்பதில்லை, விழுங்குவதுதான் குறைகிறது. எடை இருக்கும் இடத்தில் அது உதட்டைத் தாண்டி வழியும். இங்கே எது அதைக் கீழே இழுக்கும்? வாயின் பின்பக்கத்திலேயே தேங்கி, ஊர்ந்து, மூச்சுக்குழாய்க்குள் போகிறது. இருமி எச்சரிக்க வேண்டிய தொண்டையும் நோயால் மரத்துக் கிடக்கிறது.
ஆறு நாட்களாக அவர் மூழ்கிக்கொண்டிருந்தார். நான் உலர்ந்த துணியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மடச்சி.

பயணநாள் 821 | 09:15
ஆன்டிபயாடிக் ஊசி, ஆறு மணிக்கொரு முறை. சக்‌ஷன் குழாயால் உறிஞ்சி எடுக்கிறேன். எடுக்க எடுக்கச் சேர்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பாதி தானாக வெளியே வந்துவிடும். அதற்குக் கீழ் என்று ஒரு திசை வேண்டுமே. மோட்டாரை ஓடவைத்தால் பிழைப்பார். இல்லாவிட்டால் இல்லை. இன்டர்காமைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

பயணநாள் 822 | 06:30
இன்டர்காமில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே கொப்பளிப்போடு: “மவ கேட்டா... அப்பா கடேசி வர... நல்லாத்தான் சாப்பிட்டாருன்னு சொல்லுங்க.”
நீங்களே சொல்லுங்கள் என்று அதட்டினேன். இன்னும் இரண்டு திருகாணிகள்தான்.

06:52
மூச்சுச் சத்தம் கேட்கிறது. ஒரு திருகாணி.

07:09
மோட்டார் ஓடுகிறது. கால் தரையில் பட்டுவிட்டது, ஓடுகிறேன்

07:55
மூச்சில்லை. நாடியில்லை. முப்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வாயிலிருந்து கொட்டியது. எட்டு நாள் வராததெல்லாம் வந்தது.
நேரம் குறிக்க வேண்டும். 07:48. மரணக் காரணம்: எச்சில் புகுந்து நுரையீரல் அழற்சி. இல்லை. காரணம் என் அறிக்கை.
நனைந்த துணிகள்: நான்கு. ஏழு. ஒன்பது. துணி தீர்ந்துவிட்டது. என் மேலங்கியால் துடைக்கிறேன். எடை முழுதாக வந்துவிட்டது, இன்னும் வழிகிறது, அவருக்கு இது பிடிக்காது, யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவி