ரிலே இன்னும் வரவில்லை

ஜூன் 3
அக்காவின் மாவுக்கட்டை இன்று வெட்டி எடுத்தார்கள். கால் வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நொண்டிக்கொண்டே வண்டியிடம்தான் போனாள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு முன்னால் ஓட்டி, மலைப்பாதையில் வழிகாட்டுவது அவள் வேலை. கால் உடைந்த அன்று, லாரி ரிவர்ஸில் வந்து இடித்தபோது ஹார்ன் அடித்துக்கொண்டேதான் இருந்தாளாம்.

"கோழிக்குஞ்சு மாதிரி கத்துது. அவனுக்கு எங்க கேக்கப்போகுது? பெரிய ஹார்ன் வாங்கிட்டேன், மாட்டிக் குடுடி. அது இல்லாம கிளம்பமாட்டேன்."

அம்மா அடுப்படியில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

ஜூன் 4
அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா என் கையைப் பிடித்தாள். "அது இல்லாம போமாட்டேன்னு சொன்னாளா? அப்போ மாட்டாதே. ஏதாவது சாக்கு சொல்லு."

அவள் போக வேண்டாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது. மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங் என் வேலை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரலே வராது, ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். ஒயரோடு பேச வேண்டியதில்லை. எனக்குப் பொய் வருமா?

ஜூன் 6
வந்தது. "ரிலே இன்னும் வரலக்கா" என்றேன். ஹார்ன் ஜோடி அவள் கட்டிலில். பெரிய ஹார்னுக்கு வேண்டிய கரண்டைத் திறந்துவிடும் அந்தச் சின்னப் பெட்டி, ரிலே, ஒர்க்‌ஷாப்பில் என் டிராயரில்.

ஜூன் 9
ரிலே வரவில்லை.

ஜூன் 11
மாமா கேட்டார்: "என்னம்மா, ரிலே நீந்தியா வருது?" டிராயரைப் பார்த்திருப்பார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 14
அக்கா பொறுக்காமல் அவளே மாட்டிவிட்டாள் – ரிலே இல்லாமல், பழைய ஹார்ன் ஒயரிலேயே இரண்டையும். அந்த மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். பழைய ஒயர் ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும். முதல் தடவை அலறியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மெயின் ரோட்டுக்குப் போயிருக்கிறாள். பஸ் ஒன்று அவள் பக்கமாகவே ஒதுங்கி வந்திருக்கிறது. அழுத்தினால் – ஒன்றுமில்லை. ஃபியூஸ் போய்விட்டது. வண்டியை ரோட்டோர மண்ணில் இறக்கி விழுந்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

"அவசரப்பட்டது நானு. நீ ஏன்டி அழுவுற?" என்கிறாள்.

அம்மா பஞ்சால் துடைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 15
ரிலேயை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தேன்.

"எப்ப வந்துச்சு?"

"போன வாரமே."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மாவா?"

"நானும்தான்."

ஸ்பேனரை என் பக்கம் தள்ளினாள்.

ஜூன் 17
மாட்டிவிட்டேன். தண்ணீர் தேங்காதபடி ஹார்ன்களின் வாய் கீழே பார்த்து. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா என்று பார்த்தேன். இனித் தெருவில் வைத்து அடிக்க வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "நான் அங்க தள்ளிப் போய் நிக்கறேன். அடி. கேட்டா கை தூக்கறேன்."

தெருவின் பாதியில் போய் நின்றாள். அடித்தேன். ஜன்னல்கள் திறந்தன. கை தூக்கினாள்.

இன்னும் தள்ளிப் போனாள், மருந்துக்கடை வரைக்கும். கை தூக்கினாள். இன்னும் தள்ளி. முகம் தெரியாத தூரம். "போதும், கூப்பிடுடி" என்றாள் அக்கா. அம்மா நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் கை மேலே போனது.

யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

ஜூன் 20
அக்கா காலையில் கிளம்பினாள். அம்மா வாசலுக்கு வரவில்லை, பாத்திரம் கழுவினாள். தெருத் திருப்பத்தில் ஹார்ன் கேட்டதும் குழாயை மூடிவிட்டு நின்றாள். மெயின் ரோட்டிலிருந்து இன்னொரு தடவை கேட்டது. ஈரக் கை பாதி மேலே போய், இறங்கியது.

பிறகு குழாயைத் திறந்தாள்.