பின்லாந்து வரைக்கும் போன பாயசச் சண்டை

நேற்று நம் பேத்தி பள்ளிக்கூடத்தில் இரண்டு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். போன வருஷம் போட்ட அதே ஜன்னலோரம். டீச்சருக்குப் பழக்கம் விடவில்லை போலிருக்கிறது. நான் ஒன்றில் உட்கார்ந்தேன். மற்றதில் பையை வைக்கப் போனேன். மனசு வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால், "நல்ல நாற்காலியாப் பாத்து அவுக உக்காந்துக்கிட்டாக" என்று சுவரைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். ஆமாம், பார்த்துத்தான் உட்கார்ந்தேன். மற்றதற்குக் கால் ஆடுகிறது.

என் மருமகளைப் பெற்றவர் என்கிற ஒரே காரணத்துக்காக உங்களிடம் நான் பொறுத்துப் போனவை ஏராளம். பாயசத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை. ஆவுடையார்கோவிலில் உங்கள் மகன் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் உங்கள் நாத்தனார், அந்தப் பக்கம் ஊர்த் தலையாரி. பாயச வாளியோடு நீங்களே வந்தீர்கள். நாத்தனாருக்கு ஊற்றினீர்கள். என் இலையைத் தாண்டினீர்கள். தலையாரிக்கு இரண்டு கரண்டி ஊற்றினீர்கள். கேட்டவர்களிடம், "அவுக எலையை மடிச்சுட்டாக" என்றீர்களாம். மோருக்குக் காத்திருக்கிறவள் இலையை மடிப்பாளா?

அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம். மகளைப் பார்க்க நீங்கள் ஆலங்குடிக்கு வரும்போதெல்லாம் பேத்தி தேன்மொழிதான் நமக்குத் தபால்காரி.

"தேனு, ஒங்க அம்மாயிக்குக் காப்பி வேணுமான்னு கேளு."

"வேணாம்னு சொல்லுடி. போட்டாக் குடிப்பேன்னும் சொல்லு."

ஒரே அடுப்படிதான். நடுவில் ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது. அந்தப் பிள்ளை முகத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பித் திருப்பியே வளர்ந்தது.

போன வருஷம் அவள் வகுப்பு, பின்லாந்து என்கிற தேசத்துப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடானது. இவர்கள் தங்கள் வகுப்பையும் ஊரையும் நாட்டையும் அறிமுகம் செய்ய வேண்டும், அவர்கள் அவர்களுடையதை. ஊருக்கு ஒருத்தன், நாட்டுக்கு ஒருத்தி என்று டீச்சர் பிரித்துக் கொடுத்ததில் தேன்மொழிக்கு வந்தது குடும்பம். நாள் முழுக்க இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். உங்களைத் தனியாக அழைத்தாள், என்னைத் தனியாக அழைத்தாள்.

"அப்பத்தா, அன்னைக்கி மட்டும் சண்டை போட்டுறாதீங்க. நான் நல்லா எழுதி வச்சிருக்கேன்" என்றாள். வாயே திறக்க மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காமிராவில் தெரிகிற சுவருக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். உடைந்த பெஞ்சுகள் தெரியாத பக்கம் ஒதுங்கியிருந்தன. ஒரு பையன் புதுக்கோட்டையைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஒரு பெண் நம் நாட்டில் பேசுகிற பாஷைகளை அடுக்கி மூச்சு வாங்கினாள். இன்னொருவன் முழுப் பலாப்பழத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக் காட்டினான். திரையில் இருந்த பிள்ளைகள் சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள்.

"இது கடிக்குமான்னு கேக்குறாங்க மிஸ்" என்றான்.

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். தனித்தனியாகத்தான்.

பிறகு தேன்மொழி எழுந்தாள். இங்கிலீஷில் சொல்லிவிட்டு, நமக்காகத் தமிழிலும் சொன்னாள். "இவங்க என் அப்பத்தா. இவங்க என் அம்மாயி. ரெண்டு பேரும் ரொம்ப சிநேகிதம்."

சுவருக்கு அடித்தது போதாதென்று பிள்ளை நமக்கும் வெள்ளையடித்து வைத்திருந்தது. உங்கள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன்பல் விழுந்த ஒரு பின்லாந்துச் சிறுமி அதைக் கவனித்துவிட்டாள். ஏதோ கேட்டாள்.

"ரெண்டு பேரும் என்ன பேசிக்குவீங்கன்னு கேக்குறா." தேன்மொழியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

நான் வாக்குத் தவறவில்லை. நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

"பாயசத்தைப் பத்தின்னு சொல்லுடி."

"மோருக்குக் காத்திருக்கிறவ எலையை மடிப்பாளான்னு அந்தப் பிள்ளைகிட்டயே கேளு தேனு."

"மடிச்ச எலையை இந்தக் கண்ணால பாத்தேன்னு சொல்லு."

"அந்தக் கண்ணுக்கு அதுக்கப்புறந்தானே ஆபரேஷன் பண்ணுனாகன்னு சொல்லு."

தேன்மொழி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பிள்ளை அத்தனையையும் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னது. அங்கே ஒரு வகுப்பே கன்னத்தில் கை வைத்துக் கேட்டது. பல் விழுந்தவள் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"பாயசம் மிச்சம் இருந்துச்சான்னு கேக்குறா."

"அரை வாளி இருந்துச்சு" என்றீர்கள்.

"அப்ப அப்பத்தா ஏன் கேட்டு வாங்கலைன்னு கேக்குறா."

சம்பந்தி வீட்டுப் பந்தியில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதா! போதும் போதும் என்று நாம் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும், அதையும் மீறி அவர்கள் ஊற்ற வேண்டும், அதுதானே மரியாதை. இதை எந்தப் பாஷையில் அந்தப் பிள்ளைக்கு விளக்குவது? நான் திணறிக்கொண்டிருந்தபோது நீங்கள் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினீர்கள்.

"அதானே. ஏன் மதினி கேக்கல?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு, என் முகத்தைப் பார்த்து, நடுவில் ஆள் இல்லாமல்.

"கேட்டா என் மானம் என்னாகுறது?"

"கேக்காததுல என் மானம் போச்சே! சம்பந்திக்குப் பாயசம் ஊத்தாதவன்னு ஊரெல்லாம் பேசுச்சே!"

"பேசுனதே நாந்தான்!"

பெல் அடித்தது. பின்லாந்துப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்தார்களோ என்னவோ.

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே தேன்மொழி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் என் மானத்தை வாங்கிட்டீங்க" என்றவள் அப்படியே நின்றாள். நம்மை மாறி மாறிப் பார்த்தாள். தலையாரிக்கு ஊற்றியது ஒரு கரண்டியா இரண்டா என்று நாம் அப்போதும் விடாமல் நடந்துகொண்டிருந்தோம்.

"ஐயோ, பேசுறீங்க! ரெண்டு பேரும் பேசுறீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் போன். கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்த சேலையின் நிறம், உங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு, என் கொழுக்கட்டையின் கனம் என்று பழைய வழக்கை எல்லாம் தூசி தட்டி எடுத்தோம். ஒன்றிலும் தீர்ப்பு வரவில்லை. "தையில வாரேன், மிச்சத்தை நேர்ல வச்சுக்குவோம்" என்று போனை வைத்தீர்கள். மார்கழியிலேயே கிளம்பிவிட்டீர்கள். பேச்சைப் பாதியில் விட்டுப் போவது உங்களுக்கு வழக்கம்தான். இருந்தாலும் இது அநியாயம்.

இந்த வருஷமும் அதே வகுப்போடு பேச்சு. நேற்று திரையில் வந்தபோது அந்தச் சிறுமிக்குப் பல் முளைத்திருந்தது. எடுத்த எடுப்பில் இன்னொரு பாட்டி எங்கே என்றுதான் கேட்டாள். தேன்மொழி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டாகன்னு சொல்லுத்தா" என்றேன்.

சொன்னாள். அந்தச் சிறுமி திரைக்கு நெருங்கி வந்தாள். பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"கடைசியில யாரு ஜெயிச்சீங்கன்னு கேக்குறா, அப்பத்தா."

"நாந்தான்னு சொல்லு."

ஒரு வார்த்தை பதில். உங்கள் பேத்தி நீளமாக என்னவோ சொன்னாள். முடிக்கும்போது அந்தச் சிறுமி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜெயித்ததற்கு அவள் எதற்கு அழ வேண்டும்? என்னடி சொன்னாய் என்று கேட்டால், "நீங்க சொன்னதைத்தான்" என்கிறாள்.

இந்தக் கடிதத்தை அவளிடம் சொல்லி அழகாக எழுதி வாங்கியிருக்கலாம். நாலாம் வகுப்போடு நின்ற கை எனக்கு, எழுத்து கோணல்தான். ஆனாலும் அந்தப் பிள்ளையை இனி நமக்கு நடுவில் நிறுத்துவதாக இல்லை. சாயங்காலம் ஆனால் உங்களிடம் சொல்ல ஒரு குறை எப்படியும் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. இன்றைக்கு உங்கள் மகள் வைத்த குழம்பில் புளி தூக்கல். அது உங்கள் வளர்ப்பு. நாளைக்கு வேறொன்று இருக்கும். நேராகவே சொல்வேன், மதினி. பதில் வராவிட்டால் நான் சொன்னதே சரி என்று எடுத்துக்கொள்வேன்.